ஊட்டிக்கு எந்த மாதம் போகலாம்? முதலில் எந்தச் சரிவு என்று பாருங்கள்

ஊட்டிக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் "மே மாதம்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அது பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்துச் சொல்லும் பதில். மலையைப் பார்த்துச் சொல்லும் பதில் அல்ல. நீலகிரி மாவட்டம் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆகஸ்டில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஊட்டியில் சாரலும் குளிர்காற்றுமாக இருக்கும். கோத்தகிரியில் வெயில் எட்டிப் பார்க்கும். மசினகுடியில் ஜீப் போனால் புழுதி பறக்கும். நேர்கோட்டில் அளந்தால் இந்த ஊர்கள் எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே "எந்த மாதம்" என்ற கேள்விக்கு முன்னால் "மலையின் எந்தப் பக்கம்" என்ற கேள்வி வர வேண்டும். உயரம் என்ன செய்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இதற்கான பதிலை யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடலாம்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். சூரியன் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று அதனால் சூடாகிறது, அந்தக் காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப் போக அதை அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது, அதனால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். இடையில் உள்ள வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் 12 டிகிரி வரும். ஏப்ரலில் கோவையில் 36 டிகிரி என்றால் ஊட்டியில் 24 டிகிரி. இந்தக் கணக்கு நாளுக்கு நாள் அச்சுப் பிசகாமல் பொருந்தாது என்றாலும், பெட்டி கட்டும்போது இது போதும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அதாவது ஊட்டியைவிட இரண்டு மூன்று டிகிரி கதகதப்பு. கூடலூரும் மசினகுடியும் 1,000 மீட்டரை ஒட்டியவை. பகலில் அங்கே ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கும்.

மலை என்றாலே குளிர் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. பழைய விடுதிகள் பலவற்றில் மின்விசிறியே கிடையாது, தேவைப்படாது என்றுதான் கட்டினார்கள். அன்றைக்கு அங்கே தங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! குளிராக இருக்கிறதே என்று வெயிலை லேசாக எடுத்துக்கொள்வதும் தவறு. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர்கள் கூடுதலாக வந்து சேரும். ஜனவரி நண்பகலில் தொப்பியில்லாமல் நடந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். வேன் பிடித்துக்கொண்டு பாத்திரம் பண்டத்தோடு வந்து சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் வரக்கூடாது.

ஒரு மலை, இரண்டு மழைக்காலம்

இதுதான் விஷயத்தின் மையம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளத்தின் வழியாக வந்து மலையில் மோதுகிறது. குறுக்கே மலை நிற்பதால் காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறும்போது முன்பு சொன்னபடி குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியை வைத்துக்கொள்ள முடியாது; மேகமாக்கி, மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சூடான காற்று மழையைத் தராது. மிச்சமிருக்கும் மேகத்தையும் கரைத்துவிடும். மலைக்குப் பின்னால் இப்படி வறண்டு கிடக்கும் நிலத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

மேற்கே பார்த்து நிற்கும் பந்தலூர், தேவாலா, கூடலூர், அப்பர் பவானி, அவலாஞ்சி எல்லாம் இந்த மழையை முதலில் வாங்குபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமாக மழை பெய்தது. ஊட்டி நகரத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழை சுமார் 120 செ.மீ. என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும். அவலாஞ்சிக்கும் ஊட்டிக்கும் இடையே சாலை வழியாகவே இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மேற்கே நிற்கும் குந்தா மலைத்தொடர் மழையின் பெரும்பங்கைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. ஊட்டிக்குச் சாரலும், மூடிய வானமும், காதைக் கிழிக்கும் காற்றும் வந்து சேர்கின்றன. ஊட்டிக்குக் கிழக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதையும் தாண்டிக் குன்னூர், கோத்தகிரி பக்கம் போகும்போது காற்றிடம் கையிருப்பு அதிகம் இருப்பதில்லை.

அக்டோபர் நடுவில் ஆட்டம் தலைகீழாக மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வருகிறது. இப்போது முதலில் எதிரே நிற்பவை கோத்தகிரியும் குன்னூரும். மறைவில் இருப்பது கூடலூர். 2009 நவம்பரில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சாலையும் மலை ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. அவலாஞ்சிக்கு ஆகஸ்ட் என்றால் கேத்திக்கு நவம்பர். பெய்த மழை ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் பருவம் வேறு, சரிவு வேறு.

மழை மறைவு என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜூலையில் கூடலூரிலிருந்து மசினகுடிக்கு பஸ் ஏறுங்கள். கூடலூரில் புறப்படும்போது கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருக்கும். சாலையோர மரங்களில் பாசி தடித்திருக்கும். தேக்கும் மூங்கிலும் நனைந்து நிற்கும். பதினைந்து இருபது கிலோமீட்டரில் தெப்பக்காடு. மழை தூறலாகிவிட்டிருக்கும், மரங்களின் உயரம் குறைந்திருக்கும். அங்கிருந்து கிழக்கே திரும்பி மசினகுடியை நெருங்கும்போது முட்புதரும் காய்ந்த புல்லும் செம்மண்ணும்தான். ஓட்டுநர் வைப்பரை எப்போதோ நிறுத்தியிருப்பார். திரும்பிப் பார்த்தால் மேற்கே கருமேகம் சுவர் மாதிரி நிற்பது தெரியும். அது இந்தப் பக்கம் வராது. ஒரு மணி நேரப் பயணத்தில் காட்டின் முகம் மாறிவிடுகிறது. யானையும் காட்டெருமையும் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்தவை. புல்லும் தண்ணீரும் இருக்கும் பக்கம் பார்த்துப் பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்கின்றன.

மாதங்களை இனிப் பார்ப்போம்

மார்ச்சிலிருந்து தொடங்கலாம். மார்ச், ஏப்ரலில் சாலையோரங்களில் ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும். புல்வெளி காய்ந்திருக்கும், காட்டுத்தீ அபாயம் இருப்பதால் வனத்துறை சில இடங்களை மூடி வைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு கோடை மழை வரும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மே மாதம் கோடை விழா. 1848ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். பூக்களுக்காகப் போவதென்றால் மே மாதத்துக்கு மாற்று இல்லை. அமைதிக்காகப் போவதென்றால் மே மாதத்தைப் போல மோசமான தேர்வும் இல்லை. ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பில் வண்டி ஊர்வதை ஒரு முறை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மேற்குச் சரிவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கி, ஊட்டிக்கு ஒரு நாள் வந்து போவது இந்த மாதங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. விடுதி வாடகை குறைந்திருக்கும். தேயிலைத் தோட்டங்கள் கழுவிவிட்ட பச்சையில் இருக்கும். ஒன்று மட்டும்: துவைத்த துணி காயாது. கையில் இருக்கும் உடைக்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முதல் வாரம் வரையிலான நாட்களைத்தான் சொல்வேன். ஊட்டிக்காரர்கள் இதை இரண்டாவது சீசன் என்பார்கள். பூங்காவில் இதற்கென்றே தனியாகச் செடிகள் நட்டுத் தயார் செய்கிறார்கள். தென்மேற்கு ஓய்ந்து வரும், வடகிழக்கு தொடங்கியிருக்காது. பைக்காரா அருவியில் தண்ணீர் இருக்கும், அணைகள் நிறைந்திருக்கும், காற்றில் தூசி இருக்காது. ஆயுத பூஜை விடுமுறை வாரம் மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டு விடுமுறையும் கர்நாடகத்துத் தசராவும் சேர்ந்து வந்து மே மாதத்தை மறுபடி கொண்டுவந்துவிடும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கிழக்குச் சரிவில் எச்சரிக்கை தேவை. கோத்தகிரி கேத்தரின் அருவி இப்போதுதான் முழு வேகத்தில் விழும், அதைப் பார்க்க ஆசையிருந்தால் வரலாம். ஆனால் குன்னூர்ச் சாலையில் பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டிய அளவுக்கு மேகமூட்டம் இறங்கும்; மண் சரிவுச் செய்தி வருவதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். மழை குறைந்த இடம் வேண்டுமென்றால் கூடலூர், பந்தலூர் பக்கம் இந்த நேரத்தில் நன்றாக இருக்கும். ஆனால் ஊட்டிக்கு வருகிற கூட்டம் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

உறைபனி

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த மாதங்கள். தொலைதூரக் காட்சிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. குளிரும் இப்போதுதான் உச்சம், ஆனால் அந்தக் குளிர் ஊர் முழுக்க ஒரே மாதிரி பரவுவதில்லை.

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை மளமளவென்று குளிர்ந்துவிடும்; தரையை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் மெல்ல வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களிலும், ஊருக்கு நடுவே குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும்போது, மேலே சரிவில் உள்ள வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளிதான் இருக்கும். உயரம் ஏற ஏறக் குளிரும் என்ற விதி இந்த இரவுகளில் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது.

முதலில் வருவது நீர்ப்பனி. பருவமழை ஓய்ந்து வானம் தெளியத் தெளிய அது உறைபனியாக மாறும். பள்ளத்து வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. பார்ப்பதற்கு அழகுதான். பயிருக்கு அது நெருப்பு: தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் வெயில் பட்டவுடன் கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் மாலையானால் நாற்றுகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் பரப்பி மூடிவைப்பார்கள். காலையில் தெளிப்பானைத் திறந்து புல்தரையில் படிந்த பனியைத் தண்ணீராலேயே கரைப்பார்கள்.

உறைபனியைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய நாள் மாலை வானத்தைப் பாருங்கள். மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரம் கூர்மையாகத் தெரிந்தால் காலை ஆறரைக்குள் தலைகுந்தா பக்கம் போய்விடுங்கள். வெயில் ஏறிய அரை மணியில் எல்லாம் தண்ணீராகிவிடும். பார்க்க வேண்டாம், தூங்கினால் போதும் என்றால் பள்ளத்தில் உள்ள விடுதியைத் தவிர்த்துச் சரிவில் உள்ளதைப் பிடியுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் உடன் வந்தால் இது சிறிய விஷயம் அல்ல. அறை பதிவு செய்யும்போது ஹீட்டர் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

நாளை எப்படி இருக்கும்?

கைப்பேசிச் செயலியில் "ஊட்டி" என்று தேடி மழைக் குறியைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்கிறவர்கள் உண்டு. அந்தக் குறி பல கிலோமீட்டர் சதுரத்துக்கான ஒரு சராசரி. ஒரு மேடும் ஒரு பள்ளமும் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும் ஊரில் அதற்கு ஓரளவுதான் மதிப்பு. இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அது வேறு. அதை மீறி மலையேறாதீர்கள். இன்னொரு நல்ல அடையாளம் உள்ளூர்ச் செய்தி. எந்தெந்தத் தாலுகாவில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கூடலூர், பந்தலூருக்கு மட்டும் விடுமுறை என்றால் கோத்தகிரி பயணத்தை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு நாளுக்குள்ளும் ஒழுங்கு உண்டு. காலையில் சரிவுகள் சூடாகத் தொடங்கியதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே ஏறும்; நண்பகலுக்குப் பிறகு உச்சிகளை மேகம் மூடிவிடும். தொட்டபெட்டா, லாம்ஸ் ராக், டால்பின் நோஸ், கோடநாடு ஆகிய காட்சிமுனைகளைக் காலையில் முடித்துவிட்டு, பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை, சந்தை ஆகியவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வதுதான் அறிவு. சுற்றுலா வேன்களில் பல இதற்கு நேர் எதிராக ஓடுகின்றன. ஊட்டி ஏரிப் படகில் காலையைக் கரைத்துவிட்டு, மூன்று மணிக்குத் தொட்டபெட்டாவில் வெள்ளைத் திரையைக் காட்டித் திரும்புகின்றன.

இதே பார்வை மற்ற மலைகளுக்கும் பொருந்தும். வால்பாறையும் மூணாறும் தென்மேற்கின் பிள்ளைகள். கொடைக்கானலுக்கு வடகிழக்கின் பங்கு பெரியது. இலங்கையில் நுவரெலியா பக்கம் ஜூனில் நனையும்போது, மலைக்குக் கிழக்கே பண்டாரவளை, பதுளை பக்கம் உலர்ந்த காற்று வீசும். அந்தக் கிழக்குப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவது அந்த உலர்காற்று மாதங்களில்தான்.

பாதையும் அனுமதியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழிகள்: பர்லியாறு, குன்னூர் வழியாக ஒன்று; கோத்தகிரி வழியாக இன்னொன்று. கோடையில் பெரும்பாலும் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு மற்றது என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். மைசூரிலிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வரும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பழகாதவர்கள் பிரேக்கை நம்பி இறங்கி விபத்துக்குள்ளான சாலை அது. சுற்றுலா வாகனங்களுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது, கூடலூர் வழியே நல்லது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. சோதனைச்சாவடியில் இறக்கிவிடுவார்கள், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. 1899ல் திறந்த அந்தப் பகுதிதான் அழகு, மழையில் முதலில் அடைபடுவதும் அதுதான். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ் அருகே தண்டவாளத்தில் பாறையும் மண்ணும் விழுந்தால் சில நாட்களுக்கு ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே அப்போதும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே ரயிலுக்காகவே வருகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் டிக்கெட் எடுங்கள். நவம்பரில் வந்தே தீர வேண்டுமென்றால், மலையிறங்கும் அன்றைக்கே ஊருக்குத் திரும்பும் ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். ஓர் இரவு மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கும்படி வைத்துக்கொண்டால், பர்லியாற்றில் சாலை அடைபட்டுக் கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்க நேர்ந்தாலும் வண்டியைத் தவறவிட மாட்டீர்கள்.